அயிரைக்கு ஒரு மணற்படுக்கை

மீன் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் மீனைப் பற்றி விசாரிக்கிறார்கள், நீரைப் பற்றி விசாரிக்கிறார்கள், விளக்கையும் காற்று மோட்டாரையும் பற்றிக்கூட நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறார்கள். தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்ற ஒன்றை மாத்திரம் கடைக்காரரின் சித்தத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அவர் நீலமும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கற்களில் ஒரு பையை எடுத்துக் கொடுக்க, அது வெறும் அலங்காரந்தானே என்று எண்ணி வாங்கிவந்து கொட்டிவிடுகிறோம். ஆனால் மீனின் ஆரோக்கியம், நீரின் தெளிவு, செடியின் வளர்ச்சி ஆகிய மூன்றுக்கும் வேண்டிய காரியங்களில் பெரும்பங்கு அந்த அடித்தளத்திலேதான் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறுகின்றது. அதற்கு மணலைப்போலத் தகுந்த பொருள் வேறொன்று இல்லை என்பதையும், அந்த மணலை எப்படித் தேர்ந்து எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதையும், அந்தப் பக்குவத்துக்குப் பின்னே நிற்கும் இயற்கை விதிகள் யாவை என்பதையும் இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் இந்த ஆராய்ச்சிக்கு இடம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. மணலின் குணாகுணங்களைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் சிமெண்டையும் உள்ளூர் மணலையும் கலந்து அழுத்தித் தரைக்கல் வார்க்கிறவருக்கும், நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளின் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி அவற்றைப் பளிங்குபோல் மெருகேற்றிய கொத்தனாருக்கும் மணலைத் தேர்ந்தெடுப்பது தொழிலின் முதற்படி. இவற்றுக்கெல்லாம் முந்தியது ஊருணி. பெரிய ஆறு எதுவும் அண்டையில் இல்லாத, வானம் பார்த்த இந்தப் பூமியில், கூரைகளிலும் தெருக்களிலும் விழுந்த மழைநீரை வரத்துக்கால் வழியாக ஊருணியில் சேர்த்து, அதனுள்ளேயோ கரையிலேயோ கிணறு எடுத்து, மண்ணினூடே ஊறித் தெளிந்துவந்த நீரைக் குடங்களில் மொண்டு பருகினார்கள். காரைக்குடிக்குப் பெயர்பெற்ற சம்பை ஊற்றின் நீரும் நிலத்தினூடே வடிந்து வருகின்ற நீரே.

மணல் நீரைத் தெளிய வைப்பதற்குக் காரணம் அது சல்லடையாக இருப்பது மாத்திரமன்று. 1829-இல் லண்டன் செல்ஸி நீர்நிலையத்தில் ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் என்ற பொறியாளர் மணற்படுக்கை அமைத்துத் தேம்ஸ் நீரை மெல்ல வடியவிட்டபோது, கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவதே அவர் நோக்கமாக இருந்தது. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆனால் அதை ஒட்டி, அதே எல்ப் ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்த ஆல்ட்டோனா, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த நீரையே எடுத்துப் பருகியும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. ஹாம்பர்க் நீரை வடிகட்டாமல் விநியோகித்தது, ஆல்ட்டோனா மணலில் வடிகட்டியது, வேற்றுமை அவ்வளவே. காலராக் கிருமியோ மணற்பரல்களின் இடைவெளியை நோக்க மிக மிகச் சிறியது; ஆகவே வெறும் சல்லடை அதைத் தடுத்திருக்க முடியாது. பரல்களின்மேல் படர்ந்து வாழும் நுண்ணுயிர்ப் படலமே அந்தக் காரியத்தில் பெரும்பங்கைச் செய்தது. மீன் தொட்டியின் மணலிலும் இதே உண்மைதான் செயற்படுகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் விதிமுறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

மணல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, புவியியலார் அதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களே மணல், அதற்கு மேற்பட்டவை கூழாங்கற்கள், கீழ்ப்பட்டவை வண்டல், வண்டலினும் நுண்ணியது களிமண். நல்ல மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். அது நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். தொட்டியில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் நீரின் இயல்பை மாற்றுவதில்லை. செட்டிநாட்டின் செம்புறாங்கல் பூமியில் ஓடைகளிலும் கண்மாய் வரத்துக்கால்களிலும் ஒதுங்கும் மணல் வெண்மையாக இராமல் செந்நிறமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பரலின்மேலும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே. இந்தச் செம்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாஸ்பேட் உப்பை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் சக்தி இரும்பு ஆக்ஸைடுக்கு உண்டாதலால், பாசி தழைப்பதற்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதி நீரில் கலவாமல் மணலிலேயே தங்கிவிடும். காற்றோட்டம் அற்று மணல் அழுகத் தொடங்கினால் மாத்திரம் அது பிடித்ததை விட்டுவிடும்.

அஞ்ச வேண்டியது சுண்ணாம்புக்கு. கிழக்கே தொண்டிப் பக்கம் போகிறவர்கள் கடற்கரை மணலின் அழகில் மயங்கி ஒரு பை அள்ளி வருவது உண்டு. அதில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கழுவினால் உப்புப் போய்விடும். ஆனால் சிப்பியும் சங்கும் பொடிந்த துணுக்குகள் போகமாட்டா. அதைப்போலவே பழைய வீடுகளை இடித்த இடங்களில் குவிந்து கிடக்கும் மணலிலும் காரைத் துணுக்குகள் நிறையக் கலந்திருக்கும். இவை இரண்டும் கால்சியம் கார்பனேட். நீரில் கரைந்துள்ள கரியமிலவாயு இதை மெல்ல மெல்லக் கரைக்க, நீரின் கடினத்தன்மை ஏறி, பி.எச். என்னும் அமில-கார அளவு எட்டை நோக்கி உயர்கிறது. கப்பி, மோலி போன்ற மீன்கள் இதனால் பெரிதும் வருந்தமாட்டா. ஏஞ்சல், நியான் டெட்ரா முதலிய மென்னீர் மீன்களுக்கு இது ஒவ்வாது. இதைவிட முக்கியமான தீங்கு ஒன்று உண்டு. மீன்கள் செவுள் வழியே வெளியிடும் அம்மோனியா, நீரில் இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஒன்று அவ்வளவாகத் தீங்கற்ற அயனி, மற்றது கொடிய நஞ்சான வாயு. நம் ஊர் வெப்பநிலையில், பி.எச். ஏழாக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு உருவில் இருக்கும், பி.எச். எட்டானால் அது நூற்றில் ஏழு பங்கை எட்டிவிடும். மீனின் தொகையும் உணவின் அளவும் மாறாமலே நஞ்சு பல மடங்கு பெருகிவிடுகிறது. தவறான மணலைப் பரப்பினவர் மீன்கள் ஏன் சாகின்றன என்று தெரியாமல் மருந்துக்கு அலைவதன் இரகசியம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பரீட்சை மிகச் சுலபம். உலர்ந்த மணலில் ஒரு பிடியைக் கண்ணாடித் தம்ளரில் இட்டு, அது நனையுமளவு வினிகரை ஊற்றிக் காதருகில் பிடித்துக் கேட்க வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் நுரைத்துச் சீறும். குவார்ட்ஸ் வாளா இருக்கும். வினிகர் இல்லாத வீட்டில் எலுமிச்சைச் சாறே போதும். பிறகு அந்த மணலைக் கொட்டிவிட வேண்டுமே ஒழியத் தொட்டிக்குத் திருப்பக் கூடாது.

ஆற்று மணல் கிடைப்பது இப்போது அருமையாகி, கட்டட வேலைகளில் எம்-சாண்ட் என்னும் உடைகல் மணல் பெருமளவு வந்துவிட்டது. ஆறுகள் இழந்த மணலை நினைத்தால் அது நல்லதே. ஒரு மீன் தொட்டிக்கு வேண்டியது சில கிலோ. அந்தச் சில கிலோவுக்காகவும் வைகையிலோ மணிமுத்தாற்றிலோ போய் அள்ளுவதை நான் ஒப்பமாட்டேன். கட்டட வேலை முடிந்த இடத்தில் மிஞ்சிய மணலைக் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை. உடைகல் மணலையும் இடலாமா என்றால், மீனைப் பொறுத்தே விடை சொல்ல வேண்டும். நீரோட்டத்தில் நெடுந்தூரம் உருண்டுவந்த பரல் முனை மழுங்கியிருக்கும். எந்திரத்தில் உடைந்த பரலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், கல்மாவும் மிகுந்திருக்கும். நடுநீரிலும் மேல்நீரிலும் நீந்தித் திரியும் மீன்களுக்கு இதனால் பாதகமில்லை. அடியில் வாழும் மீனுக்கு உண்டு.

அடியில் வாழும் மீன் என்றதும் கடைக்காரர் தென்னமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோராஸ் என்னும் குட்டிக் கெளுத்தியை எடுத்துக் காட்டுவார். நம் மண்ணுக்குரிய அயிரையை ஏனோ யாரும் நினைப்பதில்லை. மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் அயிரைக் குழம்பின் புகழை நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் உயிரோடு நீரில் விட்டே விற்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ சிறிது நேரம் விட்டு, உண்ட மணலைக் கக்கச் செய்து பிறகு சமைப்பது வழக்கம். அந்த வழக்கத்திலேயே இம்மீனின் ஜீவன முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. மணலை வாயால் அள்ளி, அதில் கலந்துள்ள புழுவையும் பூச்சி முட்டையையும் மக்கிய துணுக்குகளையும் பிரித்து எடுத்துக்கொண்டு, வெறும் மணலைச் செவுள் வழியே வெளியேற்றுவதே அதற்கு ஓயாத வேலை. அச்சம் நேர்ந்தால் கண்மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்துகொள்ளும். 1846-இல் வாலென்ஸியேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, இலங்கையில் திரிகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இம்மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். விரல் நீளமே உள்ள இந்த மீன் நம் கோடையின் வெம்மையைத் தாங்குவதில் ஆச்சரியமில்லை. வாயைச் சுற்றி இதற்கு மெல்லிய மீசைகள் உண்டு. உணவைத் தேடும் புலன் அவற்றில் இருக்கிறது. கூர்மணலில் நாள்தோறும் உராய்ந்தால் மீசை தேயும், புண்படும். பெருங்கல் பரப்பிய தொட்டியிலோ அதற்கு அள்ளவும் முடியாது, புதையவும் முடியாது. அப்படிப்பட்ட தொட்டியில் அயிரையை விடுவது அதன் தொழிலையும் வீட்டையும் ஒருங்கே பறிப்பதாகும்.

மணல் கிடைத்தபின் முதலில் சலிக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர்க் கண்ணுள்ள சல்லடையில் நிற்பதைத் தள்ளிவிட்டு, விழுந்ததை மாவு சலிக்கும் நுண்சல்லடையில் மீண்டும் சலித்து, அதில் தங்குவதை வைத்துக்கொண்டால் அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள மணல் கிட்டும். பிறகு கழுவுதல். இதற்கு அரிசி அரிக்கத் தெரிந்த கையைவிடச் சிறந்த கருவி இல்லை. வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணலை இட்டு, நீரை வேகமாக விட்டுக் கையால் அடிவரை கிளறி, இரண்டு மூன்று வினாடி நிதானித்து, கலங்கல் நீரை மாத்திரம் சாய்த்துவிட வேண்டும். கொட்டிய நீர் தெளிவாகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செம்மணலானால் முதல் நீர் செங்காவியாகவே வரும். சலிப்படையாமல் கழுவ வேண்டியதுதான். கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த நீரை வீணாக்காமல் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சிவிடலாம்.

இந்த எளிய செயலுக்குள் ஓர் அருமையான விதி ஒளிந்திருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கிய ஸ்டோக்ஸ் என்பவர் 1851-இல் கணித்துக் காட்டியபடி, நீரில் விழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடும். அரை மில்லிமீட்டர் மணல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தை இரண்டு வினாடிக்குள் கடந்து அடியில் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கான வண்டல் துகளுக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ நாலு நிமிஷம் வேண்டும். ஐந்நூற்றில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டு மூன்று வினாடி நிதானித்துச் சாய்க்கும்போது மணல் முழுவதும் தங்க, வண்டலும் களிமண்ணும் நீரோடு போய்விடுகின்றன. கழுவாத மணலைத் தொட்டியில் கொட்டினால் நாட்கணக்கில் நீர் பால்போல் கலங்கியே இருப்பதற்கும் இதுவே காரணம். அன்றியும் களிமண் துகள்கள் ஒரேவித மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் எளிதில் திரண்டு படிவதில்லை. ஊருணி நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்த நம் பாட்டிமார்கள் இந்தத் துகள்களைத்தான் திரண்டு படியச் செய்தார்கள். தொட்டிக்கு அந்த உபாயம் வேண்டாம், கழுவுதலே போதும். நாம் வேண்டாமென்று சாய்த்துவிடும் அந்தக் களிமண்தான் மானாமதுரைக் குயவர் கையில் கடமாகி நாதம் எழுப்புகிறது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கழுவிய மணலைச் சிமெண்டுத் தரையில் பரப்பிக் காரைக்குடிச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால், அதிலிருக்கும் சிறு புழுக்களும் பூச்சி முட்டைகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். ஓடை மணலானால் கொதிநீரையும் ஒருமுறை ஊற்றிவிடுவது உத்தமம்.

இனி, எவ்வளவு ஆழம் பரப்புவது என்ற கேள்வி. இதில்தான் குளிர்நாட்டு நூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் இடர்ப்படுகிறார்கள். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஆலன் ஹேஸன், மணலினூடே நீர் செல்லும் எளிமையும் பரலின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே என்று 1890-களின் தொடக்கத்தில் நிறுவினார். விழும் துகளுக்கு ஸ்டோக்ஸ் கண்ட அதே வர்க்கம், ஊடுருவும் நீருக்கும் பொருந்துகிறது! பரல் பாதியானால் நீரின் ஊடுருவல் கால் பங்காகிவிடும். அதற்கு நேர்மாறாக, பரல் சிறுக்கச் சிறுக்க நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கான மேற்பரப்புப் பெருகுகிறது. அறுபது சென்டிமீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், ஒரு மில்லிமீட்டர் மணலை மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் அதன் பரல்களின் மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 19 சதுர மீட்டர், அதாவது 200 சதுர அடி. ஐந்து மில்லிமீட்டர்க் கல்லானால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இடம் இருந்து என்ன பயன்? பிராணவாயு அங்கே போய்ச் சேர வேண்டும். நுண்மணலில் அது மேலே சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையே இறங்குகிறது.

அந்த மேலடுக்கில்தான் தொட்டியின் உயிர்நாடி இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார். இரண்டாவது மாற்றத்தை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றே நெடுங்காலம் நம்பிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரியவந்தது. அந்த நைட்ரோஸ்பைராவிலேயே சில இனங்கள் இரண்டு மாற்றங்களையும் தாமே செய்து முடிக்கின்றன என்று 2015-இல் கண்டபோது ஆராய்ச்சியுலகம் வியப்படைந்தது. அவற்றுக்குக் கீழே, பிராணவாயு அருகிய அடுக்கில் வாழ்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இன்னும் கீழே, முற்றிலும் காற்றற்ற இடத்தில், அழுகும் பொருள் நிறைந்திருந்தால், ஸல்பேட்டைக் குறைத்து ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்குபவை தலையெடுக்கும். மணல் கருத்துப்போவது இரும்பு ஸல்பைடினால். கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவினால்.

இருபது டிகிரி நீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் பிராணவாயு கரையும்; நம் கோடையின் முப்பது டிகிரி நீரில் ஏழரைதான் கரையும். அதே சமயம் பத்து டிகிரி வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்களின் சுவாசமும் அழுகலும் ஏறத்தாழ இரு மடங்காகின்றன. வரவு குறைந்து செலவு பெருகுவதால், பிராணவாயு இறங்கும் ஆழம் இங்கே இன்னும் குறுகிவிடுகிறது. ஆகையால் குளிர்நாட்டு நூல்கள் ஏழெட்டுச் சென்டிமீட்டர் சொல்லும் இடத்தில், செட்டிநாட்டு வீட்டில் செடியில்லாத தொட்டிக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மேற்சொன்ன தொட்டிக்கு எட்டு ஒன்பது கிலோ உலர்மணல் போதும். வாலிஸ்னேரியா போன்ற வேர்ச்செடிகளை நடுவதானால் அந்தப் பக்கம் மாத்திரம் ஐந்து சென்டிமீட்டர் வரை உயர்த்தலாம். வேர்கள் தாமே பிராணவாயுவை மணலுக்குள் கசியவிடுகின்றன. 1850-இல் லண்டன் ரசாயன அறிஞர் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து நெடுநாள் காத்தபோதும், அடியில் மணலும் சேறும் இட்டு இந்த வாலிஸ்னேரியாவையே நட்டார். வாடிய இலைகள் அழுகி நீர் கெடத் தொடங்கியபோது நத்தைகளை விட்டுச் சீர்ப்படுத்தினார். நம் குளங்களில் கிடக்கும், திருகுபோல் நீண்ட ஓடுடைய மெலனாய்டிஸ் நத்தை மணலுக்குள் புகுந்து புரட்டுவதில் வல்லது. அயிரையும் அதுவும் சேர்ந்தால் மேலடுக்கு இறுகவே இறுகாது.

தொட்டியில் பாறைகளை வைப்பதானால் மணலுக்கு முன்னே கண்ணாடியின்மேல் நேராக நிறுத்திவிட்டுப் பிறகு மணலைச் சுற்றிலும் பரப்ப வேண்டும். மணலின்மேல் வைத்த பாறையை அயிரை அடியில் குடைந்து சாய்த்துவிடும். நீரை ஊற்றும்போது மணலின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக விழவிட்டால் குழி விழாது. முதல் நாள் சிறிது கலங்கல் இருந்தால், அது படியும்வரை வடிகட்டி மோட்டாரை ஓடவிடக் கூடாது. மணல் உள்ளே இழுக்கப்பட்டால் சுழல்விசிறி தேய்ந்துபோகும். கற்களுக்கு அடியில் வைக்கும் தட்டு வடிகட்டி மணலுக்கு ஏற்றதன்று. அதன் துளைகள் சீக்கிரமே அடைபடும். புதிய மணலில் நுண்ணுயிர்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டொரு சிறு மீன்களோடு நிறுத்தி, அயிரையைக் கடைசியில்தான் விட வேண்டும்.

பராமரிப்பில் மணல் கல்லைவிட இலகுவானது. கல்லின் இடுக்குகளில் உணவும் கழிவும் இறங்கி ஒளிந்து அழுகும்; மணலிலோ அவை மேலேயே தங்கும்; குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்து உறிஞ்சினால் அழுக்கு மட்டும் வந்துவிடும். நத்தையும் அயிரையும் இல்லாத தொட்டியில் வாரம் ஒருமுறை மேற்பரப்பை விரலால் மெல்லக் கீறிவிட வேண்டும். நாற்றத்துடன் குமிழி எழுந்தால் அந்தப் பக்கத்து மணலைக் குறைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, மணல் முழுவதையும் குளோரின் கலந்த குழாய்நீரில் பளபளவென்று கழுவி மீண்டும் இடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஓராண்டாக வளர்ந்த நுண்ணுயிர்ப் படலம் ஒரே நாளில் அழிந்து, மறுநாள் முதல் அம்மோனியா ஏறத் தொடங்கும். கழுவியே தீர வேண்டுமானால் தொட்டியின் நீரிலேயே, ஒரு தடவைக்குக் கால் பங்கு மணலாக, சில வார இடைவெளி விட்டுக் கழுவலாம். புதிதாகத் தொட்டி வைக்கும் அண்டை வீட்டார் கேட்டால், நோயற்ற பழைய தொட்டியின் மேல்மணலில் இரண்டு கைப்பிடி ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தால், அவர்களுடைய ஆறு வாரக் காத்திருப்பில் பாதிக்குமேல் குறைந்துவிடும்.